தக்காளிக்கு வசந்தம் எது?

ஓரகடத்துக்கு அணித்தே, ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த நிலம் ஒன்று மனைகளாகப் பிரிக்கப்பட்டது. அம்மனைகளுள் ஒன்றில் யான் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டின் பின்புறத்தே பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள வெற்றிடம் ஒன்று இருந்தது. அதில் தக்காளி பயிரிட எனக்கு எழுந்த ஆசையும், அவ்வாசையால் யான் அடைந்த தோல்வியும், தோல்வியின் காரணத்தைத் தேடியபொழுது அறிந்துகொண்டவையுமே இக்கட்டுரைக்குப் பொருள். ஒருவன் தன் கொல்லைச் செடியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என ஐயுறும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அத்தவறு என்னோடு நின்றிருப்பின் யான் எழுதத் துணியேன். எங்கள் தெருவில் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர் பலர். தேனிப் பக்கத்தினின்று வந்தவரும் உளர், கிருஷ்ணகிரியினின்று வந்தவரும் உளர், ஒடிசாவினின்று வந்தவரும் உளர். அவர்களுள் செடி வைத்தவர் பெரும்பாலாரும் அதே தவற்றைச் செய்து, "இந்த மண்ணில் தக்காளி வராது" என்னும் அதே முடிவுக்கு வந்துள்ளனர். இம்முடிவு பிழை என்பது என் கருத்து. குறை மண்ணில் இல்லை. நாம் கைக்கொண்ட நாட்காட்டியில் இருக்கின்றது.

நிகழ்ந்தது இது. பங்குனித் திங்களின் முதல் வாரத்தில் விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். அதன் புறத்தே, "பனிக்காலம் கழிந்தபின், வசந்தத்தின் தொடக்கத்தில் விதைக்க" என்று தமிழில் அச்சிட்டிருந்தது. பனி கழிந்தது, சித்திரை பிறக்கப்போகின்றது, இதனினும் நல்ல வேளை ஏது என்று எண்ணி அன்றே விதைத்தேன். நாற்று நன்றாகவே எழுந்தது. சித்திரையில் நட்டேன். வைகாசியில் இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாக மஞ்சட்பூப் பூத்தது. பூ விரிந்த இரண்டு மூன்று நாளில் காம்பின் நடுவிலுள்ள கணு பழுத்து, காற்று அசைத்த மாத்திரத்தே உதிர்ந்தது. நீர் போதவில்லை என்று கருதி இருவேளை நீர் வார்த்தேன். எரு போதவில்லை என்று கருதிச் சாணவெருவும், அதன்மேல் யூரியாவும் இட்டேன். இலை கறுத்துத் தழைத்தது. காய் ஒன்றேனும் பிடிக்கவில்லை. ஆனியில் அவ்விலைகளும் சுருண்டு சிறுத்தன. அப்பொழுதுதான், மதிலுக்கு அப்பால் வாழும் ஆயா ஒருவர் தாம் நெடுநாள் அடக்கிவைத்திருந்த சொல்லைச் சொன்னார். அவர் அவ்வூரிலேயே பிறந்து, அவ்வேரி நீரிலேயே பயிரிட்டு மூத்தவர். "வெயில் காலத்துல தக்காளி காய்க்குமா வாத்தியாரே? பனியில இல்ல வைக்கணும்!" ஏன் முன்னரே சொல்லவில்லை என்று வினவினேன். "நீங்க படிச்சவங்க" என்றார்.

பொட்டலம் பனி கழிந்தபின் விதை என்றது. ஆயா பனியிலே வை என்றார். இரண்டும் நேர்மாறானவை. ஆயினும் இரண்டும் தத்தம் நாட்டுக்கு மெய்யே. பொட்டலத்தின் வாசகம் குளிர்நாடு ஒன்றிற் பிறந்து, மொழிபெயர்ப்பாளர் கைப்பட்டு நம்மிடம் வந்தது. அங்கே பனி என்பது இலையின் நீரை உறையச் செய்து ஓரிரவில் செடியைக் கொல்லும் உறைபனி. ஆதலின் அந்நாட்டார் கடைசி உறைபனி கழியும் நாளுக்குக் காத்திருந்து நடுகின்றனர். நட்டபின் வரும் அவர்களது கோடையோ மிக மெல்லியது. லண்டன் மாநகரில் ஜூலை மாதத்து இரவின் குறைந்த வெப்பம், சராசரியாகச் செல்சியஸ் அளவில் 14 அல்லது 15 டிகிரியே. நமக்கு அண்மையதாகிய மீனம்பாக்கத்தில் ஜனவரியிலேயே அது 20 அல்லது 21 டிகிரி; மே மாதத்தில் 28 டிகிரியை ஒட்டி நிற்கும்; பகலிலோ 37, 38 டிகிரி. அவர்களுடைய கோடை இரவு நம் மார்கழி இரவினும் குளிர்ந்தது என்பது இதனாற் பெறப்படும். நம் பனி, விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அது செடிக்குப் பகையன்று. ஒரே சொல் இரண்டு பொருளைத் தாங்கி வந்தமையால் எங்கள் தெருவில் எத்தனையோ நாற்றுகள் வீணாயின.

வசந்தம் என்னும் சொல்லும் அத்தகையதே. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரை வைகாசியை இளவேனில் என்றனர். வேனில் என்னும் சொல்லிலேயே வெம்மை உளது. உரையாசிரியர் அப்பொழுதுகளை ஆவணி தொடங்கிக் கார், கூதிர், முன்பனி என எண்ணியதும் சிந்திக்கத்தக்கது. மழையை முதலாகக் கொண்ட அவ்வரிசை, தோட்டம் போடுவோனுக்கு ஜனவரி முதலான வரிசையினும் பொருத்தமுடையது. இளவேனிலில் வேம்பும் புங்கும் தளிர்த்துப் பூக்கின்றன, குயில் கூவுகின்றது, அதன் இன்பத்தை யான் மறுப்பவன் அல்லேன். ஆனால் வேம்பும் புங்கும் ஆழ வேரூன்றிய நம் நாட்டு மரங்கள். நாற்றாகப் பிடுங்கி நட்ட தக்காளியோ தன் வேரிற் பெரும்பகுதியை ஒரு முழத்துக்குள் பரப்பி நிற்கும் அயல்நாட்டுப் பூண்டு. மரங்களின் வசந்தத்தை அதற்கும் வசந்தம் எனக் கொள்வது பொருந்தாது.

இனி, வெம்மையில் பூ உதிர்வது ஏன் என்பதனைக் கூறுவாம். எஃப். டபிள்யூ. வெண்ட் என்னும் டச்சு நாட்டுச் செடிநூலறிஞர், கலிபோர்னியாவில் வெப்பத்தை வேண்டியபடி நிறுத்தக்கூடிய கண்ணாடி மனைகளில் தக்காளியை வளர்த்து ஆராய்ந்து, 1944-ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். காய்ப்பிடிப்பைத் தீர்மானிப்பதில் பகலின் வெப்பத்தினும் இரவின் வெப்பமே முதன்மையானது என்பதும், 15 முதல் 20 டிகிரி வரையுள்ள இரவே அதற்கு உகந்தது என்பதும் அவர் கண்டவை. பின்வந்தோர் இதனை மேலும் விளக்கினர். தக்காளிப் பூவின் மகரந்தம், பூ விரிவதற்கு ஒரு வாரம் முன்னரே மொட்டினுள் உருவாகின்றது. அக்காலத்தில் பகலும் இரவும் வெம்மை மிகின் மகரந்தம் சூம்பிப்போகும். சூல்தண்டும் மகரந்தக் கூம்பைக் கடந்து வெளியே நீண்டுவிடும். தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பதாகிய இப்பூவுக்கு அவ்வாறு நீளுதல் பெருந்தடை. சூல் கொள்ளாத பூவைச் செடி கணுவிலே கழற்றி எறிந்துவிடும். தப்பிப் பிழைத்த சில காய்களும் செவ்வனே சிவப்பதில்லை. சிவப்பு நிறத்தைத் தரும் லைகோப்பீன் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெம்மையில் நன்கு உண்டாவதில்லை. மஞ்சள் நிறப்பொருளே மிஞ்சுகின்றது. வைகாசியில் யான் வார்த்த நீர் எவ்வளவாயினும் இரவைக் குளிர்வித்திராது என்பதை அறிந்தபொழுது, என் மனம் ஒருவாறு ஆறுதல் அடைந்தது.

அங்ஙனமாயின் ஆண்டு முழுதும் கடையில் தக்காளி கிடைப்பது எவ்வாறு என மாணவர் வினவலாம். நல்ல வினா. சென்னைச் சந்தையில் இரண்டு தக்காளிகளுக்கு இரண்டு பெயர் வழங்குகின்றது. தட்டையாய், புளிப்பு மிக்கதாய், கைபட்டால் கன்றுவது நாட்டுத் தக்காளி. நீண்டு, தோல் தடித்து, லாரியில் ஓரிரவு குலுங்கினும் கலங்காதது பெங்களூர்த் தக்காளி. இரண்டாவது பெயரிலேயே விடை உளது. கோயம்பேட்டுக்கு வரும் லாரிகள் மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வருகின்றன. மதனப்பள்ளி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோலார் 800 மீட்டருக்கும் மேல். பெங்களூர் 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேற் குறையும். பெங்களூரில் சித்திரை இரவு நம் ஊரின் தை இரவை ஒத்தது. நமக்குப் பருவம் தருவதை அவர்களுக்கு உயரம் தருகின்றது. தக்காளியின் காட்டினங்கள் தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைப்புறத்துக்கு உரியவை என்பதையும், அது தோட்டப் பயிராக உருப்பெற்றது மெக்சிகோவில் என்பதையும், போர்த்துகீசியர் வழியே நம் நாட்டுக்கு வந்தது என்பதையும் நினைவுகூர்ந்தால் இது வியப்பன்று. நம்மவர் அதனைச் சீமைத்தக்காளி என்று பிரித்தே வழங்கினர். நம் வேலியோரத்து மணத்தக்காளியைப் போல எக்காலத்தும் காய்க்கும் என அதனிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

மேட்டுநிலத்தார் நம் ஊருக்கு வந்து தோல்வியுறுவதும் இக்காரணம் பற்றியே. எங்கள் தெருவில் வாழும் கிருஷ்ணகிரிப் பெண்மணி ஒருவர், தம் தாய்வீட்டில் மாசியில் நட்டுச் சித்திரையில் பறித்ததை உறுதியாகக் கூறுகின்றார். அவர் கூறுவது பொய்யன்று. அங்கே மெய்யாயிருந்தது இங்கே பொய்த்தது, அவ்வளவே. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தி தொடங்கியது; ஓரகடத்தில் 2010-இல். அன்றுதொட்டுப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இந்நிலத்தில் வந்து குடியேறுகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. ஓர் ஊரின் மக்களினும் மிகுதியானவர் ஒரு மதிலுக்குள் வாழ்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நாட்காட்டியை உடன் கொணர்கின்றனர். அதே வேளையில், இம்மண்ணின் நாட்காட்டியை அறிந்த ஆயா போன்றோர், நிலம் விற்றபின் கேட்பாரின்றி மதிலுக்கு அப்பால் அமர்ந்திருக்கின்றனர். வண்டிக்கு வண்ணம் பூசும் அறையில் வெப்பம் சிறிது மாறினும் பதறிக் கவனிக்கும் இளைஞர், தம் மொட்டைமாடியில் நள்ளிரவு வெப்பம் எவ்வளவு என்று கேட்டதில்லை. யானும் கேட்டிலேன், ஆகவே அவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

ஆயாவின் சொற்படி மறுமுறை செய்ததைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். ஐப்பசிக் கடைசியில் விதைத்தேன். வெட்டவெளியில் அன்று, தாழ்வாரத்தின் ஓரத்தில், தட்டிலே. காரணம் வெளிப்படை. நம் பக்கத்து ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கின்றது. அதுவும் சீராகப் பெய்வதன்று. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தது. மூன்றும் கார்த்திகைத் திங்களிலேயே. தக்காளியின் வேர் நீர் தேங்குவதைப் பொறாது. ஆகையால் கார்த்திகை முடியும் தறுவாயில், வானத்தைப் பார்த்து, ஒரு சாண் உயர்த்திய மேட்டுப்பாத்தியில் நட்டேன். மார்கழிக் கடைசியில் முதற்பூ. பூ உதிரவில்லை. காலை ஏழெட்டு மணிக்குக் கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுவது நன்று. மகரந்தக் கூம்பின் நுனி வழியே தூள் உதிர அதிர்வு வேண்டும். அவ்வேலையைச் சில வண்டினங்களும் தேனீயினங்களும் செய்யும். கட்டிடங்கள் மிகுந்த எங்கள் தெருவில் அவை அரிது. மாசி இரண்டாம் வாரத்தில் பழம் பறித்தேன். விதை, பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1, அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையினின்று பெறப்பட்டது, ரசத்துக்கு அதனினும் சிறந்ததை யான் அறியேன். இலை சுருளவில்லையா எனின், இரண்டு செடிகளில் சுருண்டது. அந்நோயைப் பரப்பும் வெள்ளை ஈ வறண்ட வெம்மையிற் பெருகுவது. பனிக்காலத்தில் அதன் தொல்லை குறைவு, இல்லாமற் போவதன்று. அவ்விரு செடிகளையும் பிடுங்கி எறிந்தேன்.

இதற்கு மறுப்புகள் உள. பசுநிழல்வலை கட்டினாற் போதாதா என்பர் சிலர். வலை பகல் வெயிலைத் தணிக்கும், இரவைத் தணிப்பதில்லை. மொட்டைமாடியிலோ நிலைமை இன்னும் கொடியது; பகலெல்லாம் சூட்டை உண்ட சிமெண்டுத் தளம் நள்ளிரவு வரை அதனை உமிழ்ந்துகொண்டே இருக்கும். மாடியில் வைப்போர் பைகளைத் தளத்தின்மேல் நேரே வைக்காமல் செங்கல்லின்மேல் ஏற்றி வைத்தல் நலம். காலத்தை மாற்றுதல் அதனினும் நலம். வெம்மை தாங்கும் புதிய வகைகள் வந்துள்ளனவே என்பர் வேறு சிலர். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக், இலைச்சுருள், வாடல், கருகல் ஆகிய மூன்று நோய்களைத் தாங்குவது, அது பெரும்பேறே. ஆனால் நோயைத் தாங்குதல் வேறு, 28 டிகிரி இரவைத் தாங்குதல் வேறு.

கடைசி மறுப்பு வலிமையுடையது. அதனை யானே என்மேல் எழுப்பிக்கொள்கின்றேன். மாசியில் பழுக்கும் தக்காளியால் குடும்பத்துக்கு என்ன லாபம்? மாசியில் சந்தையிலும் விலை மலிவு. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைக் கடந்து ஏறியபொழுது, அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அந்த ஆனி ஆடியில், யான் கூறும் முறைப்படி பயிரிட்டவன் தோட்டத்தில் ஒரு காயும் இராது. வீட்டுத்தோட்டம் போட்டால் விலையேற்றத்தினின்று தப்பலாம் என்று எழுதுவோர் இதனைக் கூறுவதில்லை. அவ்வாறு கூறி என் வாசகரை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

இதற்கும் விடை ஆயாவிடமே கிடைத்தது. மாசிக் கடைசியில் என் செடிகளில் உண்டது போக மிகுதி இருந்தது. அவர் பழங்களை இரண்டாய் அரிந்து, உப்புத் தூவி, பங்குனி வெயிலில் பழைய வேட்டியின்மேல் பரப்பச் சொன்னார். ஐந்தாறு நாளில் தோற்பட்டை போலச் சுருங்கி உலர்ந்தன. அவற்றை ஜாடியில் அடைத்து வைத்தோம். ஆடியில் விலை ஏறியபொழுது ஒரு பிடி வற்றலை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக் குழம்பிலும் ரசத்திலும் சேர்த்தோம். பங்குனி, சித்திரை வெயில் பூவுக்குப் பகையாயினும் வற்றலுக்கு நட்பு. நம் பாட்டிமார் அவ்விரு மாதங்களில் வடகமும் வற்றலும் அப்பளமும் இட்டனரேயன்றி நாற்று நடவில்லை. நம் வசந்தம் எதற்கு உரியது என்பது அவர்தம் முற்றத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்நாட்களில் பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும் கீரையும் போதும்.

நமது கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஜூன் 5-ஆம் நாளாகிய உலகச் சுற்றுச்சூழல் நாளில் நிறுவனங்கள் பலவும் விதையும் கன்றும் வழங்குகின்றன. மரக்கன்றைப் பற்றி யான் பேசவில்லை. ஆனால் அன்று தரும் தக்காளி விதை, மாணவர்க்குத் தோல்வியையே கற்பிக்கும். முதல்முறை பூ உதிரக் கண்ட மாணவன் இரண்டாம் முறை விதைப்பது அரிது. ஐப்பசியில் விதைத்து, நவம்பர்த் தேர்வு முடிந்தபின் நட்டு, ஏப்ரல் தேர்வுக்கு முன் பறித்துவிட்டால், கல்வியாண்டுக்கு இதனினும் ஒத்த பயிர் வேறில்லை. கோடை விடுமுறையில் நீர் வார்க்க ஆளில்லையே என்னும் கவலையும் ஒழியும். அரசின் தோட்டக்கலைத் துறையார் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் வழங்கி நற்பணி புரிந்துள்ளனர். அவற்றில் ஒவ்வொரு விதைக்கும் எந்தத் தமிழ் மாதம், எந்த மாவட்டத்துக்கு என்று ஒரு சீட்டு வைப்பாராயின் செலவு மிகச் சிறிது. கடற்கரைச் சமவெளிக்கும் ஓசூர் மேட்டுக்கும் ஒரே சீட்டு ஆகாது. சீட்டு எழுதுவோர் பொட்டலத்தை மொழிபெயர்க்காமல், அந்தந்த ஊர்ச் சம்சாரி ஒருவரைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எங்கள் தெருவில் அச்சீட்டை யானே எழுதி, மின்கம்பத்தில் ஒட்டியிருக்கின்றேன். கிருஷ்ணகிரிப் பெண்மணி அதனைப் படித்துத் தலையசைத்துச் சென்றார். நம்பினார் என்று சொல்வதற்கில்லை.

சென்ற ஆடியில் என் வீட்டு வற்றற்குழம்பில் ஒரு கிண்ணம் மதிலுக்கு அப்பால் சென்றது. ஆயா நக்கிப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். யான் புகழ்மொழிக்குக் காத்திருந்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கணும் வாத்தியாரே. இல்லேன்னா மழைக்குப் பூஞ்சணம் பிடிச்சிடும்" என்றார். உள்ளே சென்று ஜாடியைத் திறந்து பார்த்தேன். அடியில் பிடித்திருந்தது.